பச்சை வண்ணம் பூசிவிட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிடுமா?

நான் கம்பாரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஓர் ஈயக்குட்டை வரும். சிறு வயதில் அதை ஏரி என்றே நினைத்திருந்தேன். நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அப்பாதான் சொன்னார்: "இது ஏரி இல்லம்மா. ஈயம் தோண்டுன குழி. அதுக்கு முன்னால இதெல்லாம் காடு."

1985-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலைகள் போய்விட்டன. குழிகள் மட்டும் தண்ணீர் நிரம்பி இன்றும் அங்கேயே இருக்கின்றன. அந்தக் காடு எப்படி இருந்தது என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் இல்லை.

இப்போது நான் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா தீவில் நிலவியல் படிக்கிறேன். 2024 நவம்பரில், தீவின் மேற்குக் கரைக்கு எங்கள் வகுப்பைக் கள ஆய்வுக்கு அழைத்துச் சென்றார்கள். பாறைகளைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு காட்டைப் பார்த்தேன். அதன் பெயர் டார்கைன். பூர்வகுடியினர் மொழியில் தகாய்னா. அந்தக் காட்டைப் பற்றியும், அது எனக்குக் கற்றுத் தந்த ஒரு கேள்வியைப் பற்றியும் உங்களிடம் சொல்லவே இந்தக் கட்டுரை.

சத்தமில்லாத மழைக்காடு

மழைக்காடு என்றதும் நமக்குத் தாமான் நெகாராதான் நினைவுக்கு வரும். வியர்வை, அட்டை, காதைத் துளைக்கும் சில்வண்டு ஓசை. ஆனால் குளிர்நாட்டிலும் மழைக்காடு உண்டு. பாடப்புத்தகம் அதை மிதவெப்ப மழைக்காடு என்கிறது. உலகில் அத்தகைய காடுகள் மிகச் சில இடங்களில்தான் உள்ளன. கனடாவின் மேற்குக் கரை, சிலியின் தென்பகுதி, நியூசிலாந்து, தாஸ்மானியா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பெரிய மிதவெப்ப மழைக்காட்டுப் பரப்பு இந்த டார்கைனில்தான் இருக்கிறது. வடக்கே ஆர்தர் ஆறு, தெற்கே பைமன் ஆறு, மேற்கே பெருங்கடல். இவற்றுக்கு இடையே ஏறக்குறைய 4,50,000 ஹெக்டேர் காடும் புல்வெளியும் மணல்மேடுகளும் விரிந்து கிடக்கின்றன.

பைமன் ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. கம்பிவடத்தில் இழுபடும் ஒரு சிறு மிதவைதான். ஒரு நேரத்தில் இரண்டு கார்கள் ஏறலாம். அக்கரையில் கொரினா. ஒரு காலத்தில் தங்கம் தேடி வந்தவர்களின் ஊர். இன்று சில மரவீடுகளும் ஒரு விடுதியும் மட்டுமே. அங்கிருந்து வைட் ஆற்றின் ஓரமாக ஒரு நடைபாதை காட்டுக்குள் போகிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்ந்தது அமைதியைத்தான். பூச்சி ஓசை இல்லை. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தரை முழுக்கப் பாசி, விழுந்த மரங்களின் மேல் பாசி, அந்தப் பாசியின் மேல் இன்னொரு பாசி. நம் காட்டில் ஒரு ஹெக்டேரில் நூற்றுக்கணக்கான மரவகைகள் இருக்கும். இங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். மிர்ட்டில் பீச், சாசஃப்ராஸ், லெதர்வுட், செலரி-டாப் பைன், ஆற்றோரத்தில் ஹியூவன் பைன். அவற்றுக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேலான மரப்பெரணிகள்.

மிர்ட்டில் மரத்தின் இலை என் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் அதன் குடும்ப வரலாறு மிகப் பெரியது. அதன் உறவு மரங்கள் இன்று சிலியிலும் நியூசிலாந்திலும் வளர்கின்றன. அண்டார்ட்டிக்காவின் பாறைகளில் அவற்றின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. தென்கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்த கோண்ட்வானா காலத்தின் வாரிசுகள் இவை. கோண்ட்வானா என்ற பெயரே இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் வனப்பகுதியிலிருந்து வந்தது என்று வகுப்பில் படித்திருந்தேன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தச் சொல், அன்று என் தோள் உயரத்தில் இலைவிட்டு நின்றது.

ஹியூவன் பைன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே பருக்கிறது. சில மரங்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கின்றன. என் தொடை அளவு தடிமன் உள்ள ஒரு மரத்தைக் காட்டி எங்கள் விரிவுரையாளர், இது நம் எல்லாருடைய பாட்டிகளையும்விட மூத்தது என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு மெதுவாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினோம்.

ஏன் இது எளிதில் உடைகிறது?

இவ்வளவு பழைமையான காடு உறுதியாகத்தானே இருக்கும் என்று நானும் நினைத்தேன். உண்மை வேறு.

ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்கள் தீயோடு பழகியவை. தீ வந்து போன பிறகு அவை தளிர்விடும், விதை உதிர்க்கும், மீண்டும் காடாகும். மழைக்காட்டு மரங்கள் அப்படி அல்ல. ஈரம்தான் அவற்றின் கவசம். அந்தக் கவசம் ஒருமுறை காய்ந்து தீ உள்ளே நுழைந்துவிட்டால் ஹியூவன் பைன் பெரும்பாலும் மாண்டுவிடும். எரிந்த இடத்தில் யூகலிப்டஸும் புல்லும் புகுந்துவிடும். அவை முன்பிருந்த மரங்களைவிட எளிதாகத் தீப்பற்றுபவை. அடுத்த தீ இன்னும் சற்று உள்ளே போகும்.

மரம் வெட்டாமல் ஒரு சாலை மட்டும் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அதற்கும் காட்டில் பதில் இருக்கிறது. மிர்ட்டில் வாடல் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. மரத்தில் காயம் பட்ட இடத்தின் வழியாக அது உள்ளே புகுகிறது. சாலை போடும்போது வேர்கள் அறுபடுகின்றன, கிளைகள் முறிகின்றன. சாலையோர மரங்கள் முதலில் வாடுகின்றன. அங்கிருந்து நோய் உள்ளே பரவுகிறது. அதாவது, ஒரு கோடாரிகூடப் படாத மரமும் சாலையால் சாகலாம்.

ஆறுகளின் கதையும் இதுதான். உலகிலேயே மிகப் பெரிய நன்னீர் முதுகெலும்பற்ற உயிரினமான தாஸ்மானிய ராட்சதச் சிங்கி இறால் இந்த ஓடைகளில் வாழ்கிறது. 40 ஆண்டுகள் வரை உயிர்வாழும் அது, பெண்ணாக இருந்தால் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும். 1998 முதல் அதைப் பிடிக்கத் தடை உள்ளது. ஆனால் அதற்குத் தேவை தடை மட்டும் அல்ல. நிழலும் குளிர்ந்த தெளிந்த நீரும் வேண்டும். கரையோர மரங்கள் போய் மண் கரைந்து ஓடையில் படிந்தால், யாரும் பிடிக்காமலேயே அது அழியும்.

நாங்கள் திரும்பி வந்த மூன்றாவது மாதம், 2025 பிப்ரவரியில், மழையில்லாமல் மின்னல் மட்டும் விழுந்து மேற்குக் கரையில் பல இடங்களில் தீ பிடித்தது. 90,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. அதில் பெரும்பகுதி புல்வெளிதான் என்றாலும், ஹியூவன் பைன் மரங்களும் கருகின. கொரினாவில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள் என்ற செய்தியைக் கைப்பேசியில் படித்தபோது என் கால்கள் அந்தப் பாசியை நினைத்துக்கொண்டன. 2016-லும் இதே போன்ற மின்னல் தீ வந்திருக்கிறது. ஆகவே, பருவநிலை மாற்றம் ஒரு பக்கம் நெருக்குகிறது. அதை உடனே நிறுத்த எந்த ஒரு மாநில அரசாலும் முடியாது. ஆனால் காட்டை வெட்டியும் துண்டாடியும் மேலும் பலவீனமாக்காமல் இருக்க முடியும் அல்லவா?

வரைபடம் சொல்லாத செய்தி

களப்பயணத்தின்போது எங்களுக்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். டார்கைனின் பெரும்பகுதி பச்சை நிறத்தில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடம்தான் என்று நிம்மதி அடைந்தேன். பிறகுதான் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த விளக்கத்தைப் படித்தேன்.

பச்சையில் பல வகை. தேசியப் பூங்கா என்பது ஒரு வகை. 1999-இல் அறிவிக்கப்பட்ட சாவேஜ் ரிவர் தேசியப் பூங்கா இங்கே உள்ளது. அதன் பரப்பு ஏறக்குறைய 18,000 ஹெக்டேர். மொத்தப் பரப்பில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மீதிப் பச்சையின் பெரும்பகுதி வட்டாரக் காப்பகம், பாதுகாப்புப் பகுதி போன்ற பெயர்களில் உள்ளது. வட்டாரக் காப்பகம் எதற்காக என்று மாநிலச் சட்டம் பட்டியலிடும்போது, கனிமங்களைத் தேடுவதையும் எடுப்பதையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. பெயரில் காப்பகம். ஆனால் சுரங்கத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

இந்தக் கதவை மூட முயற்சி நடக்காமல் இல்லை. 2009 டிசம்பரில் மத்திய அரசு டார்கைனை அவசரமாகத் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஓராண்டில் அது காலாவதியானது. பின்னர், 4,33,000 ஹெக்டேரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஆஸ்திரேலிய மரபுரிமை மன்றம் பரிந்துரைத்தது. 2013 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் டோனி பர்க், வேலைவாய்ப்பைக் காரணம் காட்டி அதை ஏற்க மறுத்தார். கடலோரமாக 2 கிலோமீட்டர் அகலத்தில் 21,000 ஹெக்டேர் மட்டும், பூர்வகுடியினரின் பண்பாட்டு நிலம் என்ற வகையில் பட்டியலில் சேர்ந்தது. மழைக்காடு பட்டியலுக்கு வெளியே நின்றது.

அந்த 2 கிலோமீட்டர் பட்டை சின்னதுதான். ஆனாலும் அதனால் என்ன பயன் என்பதையும் பாருங்கள். அந்தக் கரையில் பூர்வகுடியினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிப்பி உண்டு குவித்த மேடுகளும், அவர்களின் குடிசைகள் இருந்த பள்ளங்களும் உள்ளன. 2014-இல் மாநில அரசு அங்கே மூடப்பட்டிருந்த வண்டித்தடங்களை மீண்டும் திறக்க முற்பட்டது. தாஸ்மானியப் பூர்வகுடி மையம் நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுத்தது. பட்டியலில் அந்த ஒரு வரி இருந்ததால்தான் வாதாடவே முடிந்தது.

இன்னொரு வழக்கும் உண்டு. தாஸ்மானியப் பேய் எனப்படும் சிறு விலங்கை முகத்தில் வரும் தொற்றுப் புற்றுநோய் 1996-லிருந்து அழித்து வருகிறது. அந்நோய் கடைசியாக எட்டிய பகுதி இந்த வடமேற்குப் பகுதிதான். இங்கே ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கு மத்திய அரசு கொடுத்த அனுமதியை 2013-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த விலங்கின் பாதுகாப்பு குறித்த ஆலோசனை ஆவணத்தை அமைச்சர் கருத்தில் கொள்ளவில்லை என்பதே காரணம். ஆனால் அதே மாதம் புதிய அமைச்சர் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி கொடுத்தார். சுரங்கம் தொடங்கியது. இரும்புத்தாது விலை இறங்கியதும், 2014-இன் நடுப்பகுதியில் வேலை நின்றது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கம்பார் ஈயக்குட்டைதான் கண்முன் வந்தது.

அக்கரையில் நிற்பவர்களின் நியாயம்

இதை இப்படியே முடித்தால் கட்டுரை எளிதாகிவிடும். ஆனால் நேர்மையாக இருக்காது.

பைமன் ஆற்று மிதவையில் எங்களோடு வந்த உள்ளூர்ப் பெண் ஒருவர், நான் நிலவியல் மாணவி என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார். அவருடைய அண்ணன் சுரங்கத்தில் வேலை செய்கிறார். அவர் சுற்றுலா விடுதியில் வேலை செய்கிறார். "காடு இல்லையென்றால் எனக்கு வேலையில்லை. சுரங்கம் இல்லையென்றால் அண்ணனுக்கு வேலையில்லை. அவன் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடமும் இருக்காது. இதில் நான் எந்தப் பக்கம் நிற்பது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சாவேஜ் ஆற்றுச் சுரங்கம் 1967 முதல் இரும்புத்தாது தருகிறது. ரோஸ்பெரியில் துத்தநாகமும் ஈயமும் செம்பும் எடுக்கிறார்கள். இந்தக் கட்டுரையை நீங்கள் கைப்பேசியில் படித்தாலும் தாளில் படித்தாலும், அதற்குப் பின்னால் எங்கோ ஒரு சுரங்கமோ வெட்டப்பட்ட மரமோ இருக்கிறது. நம் நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. டார்கைனுக்கு அருகில் உள்ள சுமித்டன் நகரில், யூகலிப்டஸ் மரங்களை மெல்லிய தகடுகளாகச் சீவும் ஆலையை 2000-களின் பிற்பகுதியில் அமைத்தது சரவாக்கைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் கிளைதான்.

எனக்கும் ஒரு சோதனை வந்தது. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு கனிம ஆய்வு நிறுவனம் எனக்குத் தற்காலிக வேலை தருவதாகச் சொன்னது. துளையிட்டு எடுக்கும் பாறை மாதிரிகளைப் பதிவு செய்யும் வேலை. பத்து வாரச் சம்பளத்தில் ஒரு பருவத்துக்கான அறை வாடகையைக் கட்டிவிடலாம். இடம் எது என்று விசாரித்தேன். வட்டாரக் காப்பகத்துக்குள் இருந்தது. துளையிடும் இயந்திரம் போகப் புதிதாகத் தடம் வெட்ட வேண்டும் என்றார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "ஏம்மா, கல்லப் பத்திதான படிக்கிற? கல்லத் தோண்டுற வேலை வேணாம்னா எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. சிறிது நேரம் கழித்து அவரே, "நம்ம குட்டைக்குப் பக்கத்துல நின்னு யோசிச்சுப் பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார்.

நான் அந்த வேலையை ஏற்கவில்லை. ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். இதனால் டார்கைன் ஓர் அடிகூடக் காப்பாற்றப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். என் இடத்தில் வேறொரு மாணவர் போயிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நான் சுரங்கத் தொழிலுக்கு எதிரியும் இல்லை. படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் அந்தத் துறையில்தான் வேலை பார்ப்பேன். ஏற்கெனவே தோண்டப்பட்ட இடத்தில் இன்னும் திறமையாகத் தோண்டலாம். பழைய கழிவுக் குவியலிலிருந்து உலோகம் பிரிக்கலாம். இருக்கும் சுரங்கங்கள் இயங்கட்டும். ஆனால் 2,000 ஆண்டுகள் வளர்ந்த காட்டில், விலை இறங்கினால் ஒரே ஆண்டில் மூடப்படும் ஒரு குழிக்காகப் புதிய தடம் வெட்டுவது சரியான கணக்கு இல்லை. மரங்களும் உலோகமும் ஒரே மாதிரி இழப்பல்ல. உலோகத்தை வேறிடத்தில் தேடலாம். இந்தக் காட்டை வேறிடத்தில் நட முடியாது.

மாற்றம் முடியாது என்பதும் இல்லை. விக்டோரியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் அரசுக்குச் சொந்தமான இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை 2024 தொடக்கத்தில் நிறுத்தின. வேலை இழந்தவர்களுக்கு மாற்று ஏற்பாட்டுக்கு நிதியும் ஒதுக்கின. தாஸ்மானியா இன்னும் நிறுத்தவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

மாணவ நண்பர்களே, தாஸ்மானியா எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் நிரந்தர வனக் காப்பகம் என்று ஒரு பெயர் உண்டு. அதற்குள்ளேயே மரம் வெட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்ட உற்பத்திக் காடுகளும் அடங்கும். நிரந்தரம் என்ற சொல்லும் எப்போதும் நிரந்தரம் அல்ல. 2021-இல் சிலாங்கூரில் கோலலங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் ஒரு பெரும்பகுதி காப்பகத் தகுதியை இழந்துவிட்டது என்ற செய்தி வெளியானது. மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் செப்டம்பரிலேயே மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, நிரந்தர வனக் காப்பகத்தை அகற்றும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று தேசிய வனச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதை மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். பொது விசாரணை என்றால் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். ஆனால் போகிறவர்கள் இருக்க வேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது மரம் நடச் சொல்லி அல்ல. சுவரொட்டி வரையச் சொல்லியும் அல்ல. அடுத்த முறை பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ காட்டுக்குச் சுற்றுலா போகும்போது ஒரே ஒரு கேள்வியை விசாரியுங்கள்: இந்த இடம் எந்த வகையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது? தேசியப் பூங்காவா, மாநிலப் பூங்காவா, வனக் காப்பகமா, அல்லது அறிவிப்புப் பலகை மட்டும்தானா? அந்த வகைக்குள் சட்டம் எதை அனுமதிக்கிறது? கூட வரும் ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் வனத்துறைக்கு எழுதிக் கேளுங்கள். புவியியல் செயல்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. பதிலை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஒருநாள் பொது விசாரணை அறிவிப்பு வந்தால், என்ன பேசுவது என்று நீங்கள் தேட வேண்டியிருக்காது.

அடுத்த விடுமுறையில் நான் கம்பார் வருகிறேன். ஈயக்குட்டை ஓரத்தில் அப்பாவோடு மறுபடி தூண்டில் போடுவேன். அங்கே இருந்த காட்டைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை, அவருக்கும் தெரியாது. ஆனால் கொரினாவில் இன்னும் நிற்கிற காட்டைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.